கிழிந்த ஓரம்

பந்தியில் இலை போட்டதும் எல்லோரும் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள். அவள் இலையின் ஓரத்தில் நரம்போடு ஒரு கிழி, நரம்புக்குக் குறுக்கே ஒரு கிழி என்று இரண்டு இடத்தில் கிழித்துப் பார்ப்பாள். எங்கள் மெஷின் ஆபரேட்டர் செல்லையா வீட்டுக் கல்யாணத்தில் அவள் இப்படிச் செய்ததைப் பரிமாற வந்த ஆள் பார்த்துவிட்டார்.

"இலை ஓட்டையாம்மா? வேற போடட்டா?"

"இல்லண்ணே, நல்ல இலைதான். நரம்போட போனா லேசா கிழியுது. குறுக்க இழுத்தா மல்லுக்கு நிக்குது. எங்க பையும் இதே மாதிரிதான் இருக்கு."

அவர் ஒன்றும் புரியாமல் கூட்டு வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார். பக்கத்து இலையில் இருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பஸ் டிக்கெட், பிஸ்கட் பாக்கெட், புதுச் சேலையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு, எது கையில் கிடைத்தாலும் அவளுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். பரோட்டாவைப் பிய்த்தால்கூட உடனே வாயில் போட மாட்டாள். பிய்ந்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓரம் பொய் சொல்லாது அண்ணாச்சி. கண்ணாடி ஒடஞ்ச மாதிரி பளிச்சுன்னு இருந்தா, அது எதுத்தே நிக்கல, வந்த வேகத்துல ஒடஞ்சு போச்சு. வெள்ள வெள்ளையா, நூல் நூலா இருந்தா கடைசி வரைக்கும் போராடியிருக்கு."

என் கம்பெனியில் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தாள். அவள் பேரை எழுதினால் கோபித்துக்கொள்வாள். பேர் இல்லாமலே இருக்கட்டும்.

நான் சங்கரன்கோவிலில் பிளாஸ்டிக் பை போடுகிறவன். ராஜபாளையம் ரோட்டில் இரண்டு மெஷின், பதினோரு ஆட்கள். மெல்லிய பைகளுக்கு அரசாங்கம் தடை போட்ட அன்றோடு மெஷின் நின்றது. ஆட்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்விட்டார்கள். செல்லையா மட்டும் காலையில் வந்து மெஷினைத் துடைத்துவிட்டுப் போவான். அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்த பிறகு, இனி ஆகாது என்று பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்துவிட்டேன்.

லாரி வந்து, காஸ் கட்டரைப் பற்ற வைக்கிற நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முப்பது வயதுப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. இந்த மெஷின் ஓடுமா ஓடாதா?"

"ஓடும். என்னத்தம்மா ஓட்ட? அதான் தடையாச்சே."

அவள் பனவடலிசத்திரத்துக்காரி. பாலிமர் படித்துவிட்டு வடக்கே ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, கால் விளங்காமல் போனதும் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் ஷெட்டின் போர்டைப் பார்த்திருக்கிறாள். அன்று லாரியைக் கண்டதும் பதறி வந்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது அவள் கைப்பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

முதல் துண்டு கண்ணாடி மாதிரி இருந்தது. வளைத்தாள். அப்பளம் மாதிரிப் பட்டென்று ஒடிந்தது.

"இது மக்காச்சோள மாவுலேருந்து செய்யுதது. எருக்குழிச் சூட்டுல கெடந்தா மக்கிரும். ஆனா வெறப்பு. சட்டுன்னு ஒடஞ்சிரும்."

இரண்டாவது வெள்ளையாக, தோல் மாதிரி இருந்தது. இழுக்க இழுக்க நீண்டது. "இதுவும் மக்கும். ஆனா துவண்டு போகும். பை போட்டா ஒரு கிலோ தக்காளிக்குத் தரையத் தொடும்."

செல்லையா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ரெண்டையும் கலந்து ஓட்டிட்டா சரியாப் போச்சுல்லா?"

அவள் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நல்லாக் கேட்டிய. ஆனா அதுக ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு சொட்டுச் சொட்டா தனியா நிக்கும். அந்தச் சந்து வழியாத்தான் கிழிசல் ஓடும். நடுவுல நின்னு ரெண்டு பேரு கையவும் புடிச்சுக்கிட ஒரு பொருள் இருக்கு. அதக் கொஞ்சம் போடணும். எவ்வளவு போடணும், எந்தச் சூட்டுல போடணும்ங்கதுதான் வேல."

அன்றிலிருந்து செல்லையாவுக்கு அது கைகோக்குற பொடி. மெஷினைத் தரவில்லை என்று சொன்னேன்; இரும்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே லாரியைத் திருப்பினார்.

முதல் நாலு மாதம் அவள் செய்தது முழுக்கக் கிழிப்பதுதான். பெயின்ட் வாளி ஒன்றின் வாயில், பை செய்கிற மெல்லிய பிலிமை விரித்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுவாள். பக்கத்தில் நட்ட பைப்பில் கோடு கோடாக அளவு போட்டிருந்தாள். மளிகைக்கடை ஒரு கிலோ எடைக்கல்லை முழங்கால் உயரத்திலிருந்து போடுவாள், இடுப்பு உயரத்திலிருந்து போடுவாள். கல் பிலிமைப் பொத்துக்கொண்டு வாளிக்குள் விழுகிற சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டை விழுந்த ஒவ்வொரு துண்டையும் நோட்டில் பின் அடித்து, பக்கத்தில் என்ன கலவை, என்ன சூடு, உருக்குகிற பிளாஸ்டிக் குருணையை எவ்வளவு நேரம் காய வைத்தது என்று எழுதுவாள். குருணையில் ஈரம் இருந்தால் உருகும்போதே அதன் பலம் போய்விடுமாம். ஒரு மழைநாளில் செல்லையா மூட்டையைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதற்கு, அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

ஒருவழியாகப் பை வந்தது. பூக்கடைக்காரர் ஒருவருக்குக் கொஞ்சம், குருவிகுளத்தில் ஓர் உளுந்து வியாபாரிக்குக் கொஞ்சம் கொடுத்தோம். பூக்கடைக்காரர் இன்னும் கொடு என்றார். உளுந்துக்காரர் மூன்றாவது வாரம் கிழிந்த பைகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து என் மேஜையில் போட்டார்.

"பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா கையில பை பிஞ்சு, உளுந்து பூரா மண்ணுல. அந்தம்மா என்னையப் பேசுன பேச்சு இருக்கே! நீரு வேணும்னா வந்து பொறுக்கிக் குடும் வே."

எனக்கு அவமானமாக இருந்தது. அவளோ அந்தக் கட்டைப் பரிசு வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாக ஓரம் பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று ஒடிந்திருந்தன.

"ஒரே மெஷின், ஒரே நாள் ஓட்டுனது. பூக்கடையில ஏன் கிழியல?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பூ மார்க்கெட்டில் போய் நின்றிருக்கிறாள். அங்கிருந்து குருவிகுளம். உளுந்துக் கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை ஒரு பை என்ன பாடு படுகிறது என்று பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தவளுக்குத் தலை முழுக்கப் புழுதி, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"காத்து அண்ணாச்சி! நம்ம ஊரு காஞ்ச காத்து. பூப் பைக்குள்ள எந்நேரமும் ஈரம் இருக்கு. உளுந்துப் பையில ஈரம் எங்க இருக்கு? வெல கொறையணும்னு நாம கெழங்கு மாவு சேத்தோம்லா, அதுக்குத் தண்ணி வேணும். காத்து தண்ணிய உறிஞ்சுனதும் வெறச்சுப் போயிருது. நான் படிச்ச கணக்கெல்லாம் கடக்கரை ஊருல போட்டது. இங்கன செல்லாது."

தான் தப்புச் செய்ததை இவ்வளவு உற்சாகமாகச் சொன்ன ஒரு ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாவைப் பாதியாகக் குறைத்தாள். புதுப் பைகளை ஷெட்டின் தகரக் கூரைமேல் காற்றில் கட்டித் தொங்கவிட்டாள். ரோட்டில் போகிறவர்கள் துணி காயப் போட்டிருக்கிறது என்று நினைத்தார்கள்.

அவளோடு இருப்பது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை கலவை விஷயமாக நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" "அது ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஆறாவது ஏனில் நான் மேஜையைத் தட்டிக் கத்திவிட்டேன். அவள் பயப்படவில்லை. தலையைச் சாய்த்து என்னைக் கவனமாகப் பார்த்தாள். "சும்மா பாத்தேன் அண்ணாச்சி, உங்களுக்கு எந்த இடத்துல கோவம் வருதுன்னு." அன்று வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பார்வை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியதும்தான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் பூக்கடைக்காரரிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. கேரளாவுக்குப் பூ அனுப்புகிற வியாபாரிகள் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார். இது நிலைத்தால் போன ஆட்களைத் திருப்பிக் கூப்பிடலாம் என்ற நிலை. ஆனால் கைகோர்க்கிற பொடி தீர்ந்துவிட்டது. வடக்கேயிருந்து வர வேண்டிய டப்பா எந்த ஊர் குடோனில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கெடுவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

என் மச்சான், மனைவியின் தம்பி, ராயகிரியிலிருந்து வந்திருந்தான். "என்னத்துக்கு அத்தான் இப்படி முழிக்கிய? பழைய பாலித்தீன் குருணையவே ஓட்டுங்க. பாக்க ஒரே மாதிரிதான இருக்கு? நம்ம பையில எப்பவும் போடுத அந்தப் பச்ச இலைய அச்சடிச்சு, மக்கும்னு போட்டாப் போச்சு. ஊர் உலகத்துல எத்தன பேரு செய்யுதான்!"

அவனே சனிக்கிழமை சாயங்காலம் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். செல்லையாவை வரச் சொன்னேன். மூட்டையைப் பார்த்ததும் அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒன்றும் கேட்காமல் மெஷினை ஓட்டினான். பொழுது சாய்வதற்குள் பாதி ஆர்டர் முடிந்து, கட்டுக் கட்டாக அடுக்கியாயிற்று.

திங்கட்கிழமை அவள் வந்ததும் நேராக அடுக்கிடம் போனாள். மேலே இருந்த பையை எடுத்து இழுத்தாள். அது நீண்டது, நீண்டது, கிழியவே இல்லை. கடைசியில் பல்லால் கடித்துத்தான் கிழிக்க முடிந்தது. ஓரத்தைப் பார்த்தாள். பிறகு என் மேஜைக்கு வந்து, நான் குடிக்க வைத்திருந்த டம்ளர் தண்ணீருக்குள் அந்தத் துண்டைப் போட்டு, விரலால் அடிவரை அமுக்கிவிட்டு எடுத்தாள். துண்டு குபுக்கென்று மேலே வந்து மிதந்தது.

எங்கள் பிலிம் தண்ணீரில் மூழ்கும். பாலித்தீன்தான் மிதக்கும். அது எனக்கும் தெரியும், செல்லையாவுக்கும் தெரியும். மூன்று பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லோடு போகக் கூடாது அண்ணாச்சி."

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்ட கோபம். "இது என் கம்பெனிம்மா. ஆர்டர் போச்சுன்னா மறுபடியும் இரும்புக்காரனத்தான் கூப்பிடணும். நீ சம்பளத்துக்கு வந்தவ."

"கம்பெனி உங்களதுதான். பையில மக்கும்னு அச்சடிச்சிருக்கே, அது யாரு சொன்ன சொல்லு? நான் சொன்னது. நீங்க என்னைய நம்பிச் சொன்னது. மாட்டுக்கு என்ன தெரியும்? மக்குற பைதானன்னு யாராவது காட்டுல போட்டா, அது பூவோட சேத்துத் தின்னுட்டுப் போகும்."

குரலை உயர்த்தவில்லை. அதைச் சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்துகொண்டாள். வண்டியைக் கிளப்பவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

செல்லையா அடுக்குப் பக்கத்திலேயே நின்றான். "என்னல, நீயும் ஏதாச்சும் சொல்லப் போறியா?" என்றேன்.

"நேத்து நான் மெஷின ஓட்டியிருக்கக் கூடாது மொதலாளி," என்றான்.

பூக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பொடி வராதது, பாலித்தீன் ஓட்டியது, பாதி ஆர்டர் அப்படியே அடுக்கில் இருப்பது, எல்லாம். அவர் கேட்டார்: "சொல்லாம அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா வே?"

"தெரிஞ்சிருக்காது."

"பெறவு எதுக்குச் சொல்லுதீரு?"

ஜன்னல் வழியாக வேப்பமரத்தடி தெரிந்தது. "சொல்லணும்னு தோணிச்சு," என்றேன்.

"இன்னைக்குலேருந்து ஒம்பது நாள். அதுக்கு மேல ஒரு நாளு ஆனாலும் நான் வேற இடம் பாத்துக்கிடுவேன்," என்று வைத்துவிட்டார்.

வெளியே போய் அவளிடம் ஒம்பது நாள் என்றேன். அவள் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள். "அப்ப பொடி எங்க கெடக்குன்னு கண்டுபிடிங்க," என்றாள். அவ்வளவுதான். பாலித்தீன் பைகள் முழுவதும், மறுபடி உருக்கிக் குருணையாக்க, குருணை விற்றவருக்கே திரும்பிப் போயின. நான் மதுரைக்குப் போய், மூன்று டிரான்ஸ்போர்ட் குடோன்களில் ஏறி இறங்கி, கடைசி குடோனில் யாருடைய பீரோவுக்கோ அடியில் கிடந்த டப்பாவைக் கண்டுபிடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அந்த ஒம்பது நாளில் அவள் வேலை செய்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அவளைத் தெரியும். அப்பாவையும் ஷெட்டுக்கே கூட்டிவந்து, காற்று வரும் இடமாகப் பார்த்து ஈஸிசேர் போட்டுப் படுக்க வைத்தாள். மாவைக் குறைத்த கலவைக்குச் சரியான அளவு அவளுக்கு இன்னும் பிடிபட்டிருக்கவில்லை. பொடியின் அளவைக் கூட்டுவாள், குறைப்பாள். சூட்டை ஒரு டிகிரி ஏற்றுவாள். நெடுக்கில் மட்டும் இழுபட்டு நரம்புபோலக் கிழியாமல் இருக்க, மெஷினிலிருந்து பலூன்போல எழும் பிலிம் குமிழை அகலமாக ஊதச் சொல்லிச் செல்லையாவை விரட்டுவாள். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் துண்டு கூரைக்குப் போகும். ஆடிக் காற்றில் முழுசாக ஒரு பகல் காய்ந்த பிறகுதான் வாளிக்கு வரும்.

ஐந்தாம் நாள் கல் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தும் பிலிம் தாங்கியது. கல் பட்ட இடம் வெள்ளையாகக் குழிந்ததே தவிர ஓட்டை விழவில்லை. நெஞ்சு உயரத்தில் தாங்கியது. தலைக்கு மேல் கையைத் தூக்கிப் போட்டும் தாங்கியது. செல்லையா கத்தியே விட்டான். ஈஸிசேரில் இருந்த பெரியவர் நல்ல கையால் தொடையைத் தட்டினார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள்.

"யக்கா, அதான் தாங்கிட்டுல்லா! இன்னும் என்னத்துக்கு?" என்றான் செல்லையா.

"எங்கன கிழியும்னு தெரியாம எப்படிய்யா ஒருத்தர் கையில குடுக்க?"

ஸ்டூல்மேல் நின்று போட்டபோது கிழிந்தது. இறங்கி வந்து ஓரத்தைப் பார்த்தாள். நூல் நூலாக, பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. அதை எடுத்துப்போய் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவருக்கு என்ன புரிந்ததோ, மூடிய கையைத் திறக்கவே இல்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் லோடு ஏறியது. பையில் பச்சை இலைக்குக் கீழே அவள் சொன்னபடி இரண்டு வரி சேர்த்திருந்தோம்: வெயிலில் வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும். "தன் குத்தத்தத் தானே அச்சடிச்சு விக்கிற கம்பெனிய இப்பத்தான் வே பாக்கேன்," என்றார் பூக்கடைக்காரர். ஆனால் அடுத்த ஆர்டரையும் எங்களுக்கே கொடுத்தார். திருப்பூர் போனவர்களில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். குருவிகுளத்துக்காரரிடம் அவளே பை கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கியதும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுவருஷம் மார்கழியில் அவள் அப்பா காலமானார். பங்குனியில் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகட்டுமா என்று என்னிடம் கேட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு ஆசைதான். "போ தாயி, அங்கன பெரிய மெஷின்லாம் இருக்கும்," என்றேன். நோட்டுகளையெல்லாம் செல்லையாவிடம் கொடுத்து, ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்தாள்.

மதுரை பஸ்ஸுக்கு வழியனுப்ப நான் போயிருந்தேன். பெட்டியை ஏற்றிவிட்டு, படிக்கட்டில் ஒரு கால் வைத்தவள் திரும்பி இறங்கினாள்.

"ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. அந்தப் பாலித்தீன் மூட்டை எறங்குனத நான் சனிக்கிழமையே பாத்துட்டேன்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "அன்னைக்கே கேட்டிருக்கலாமேம்மா. நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் ஓட்டியிருக்கவே மாட்டேன்."

"தெரியும். கேக்கத்தான் ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தேன். கேட்டா உங்கள நம்பலைன்னு ஆயிரும்லா? நீங்க செய்ய மாட்டியன்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஏறிக்கொண்டாள். ஜன்னலிலிருந்து கையசைத்தாள், நானும் அசைத்தேன். பஸ் திரும்பி ரோட்டுக்குப் போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அன்றுவரை நான் அவளிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்துக் கூப்பிட்டேன். சொன்னேன். பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"என்ன அண்ணாச்சி? என்ன சொல்லுதிய? வெளங்கல!"

பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, உரக்க, இன்னொரு தடவை சொன்னேன்.